ஒரே நாளில் முடிந்த ஆட்டம்

வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரியாறு, கிழக்கு நோக்கித் தன் போக்கை மாற்றிக்கொள்ளும் இடத்தில் அமைந்திருக்கின்றது கொடுமுடி என்னும் ஊர். கொங்கு நாட்டில் பாடல் பெற்ற தலங்கள் ஏழு; அவற்றுள் இவ்வூரும் ஒன்று. மகுடேசுவரர் திருக்கோயில் ஆற்றங்கரையிலேயே உயர்ந்து நிற்கின்றது. ஊரைச் சுற்றிலும் மஞ்சளும் கரும்பும் நெல்லும் விளையும் வயல்கள். அறுவடை முடிந்த காலத்தில் விளைச்சல் மூட்டை மூட்டையாக ஈரோட்டுச் சந்தையை நோக்கிச் செல்லும்.

இவ்வூரில் சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் படித்த சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் தந்தை ஈரோட்டு மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுபவர். நாள்தோறும் காலையில் புகைவண்டி ஏறிச் சென்று, இரவில் மஞ்சள் மணம் கமழும் சட்டையோடு வீடு திரும்புவார். “தராசு காட்டியதைத்தான் எழுத வேண்டும், வாங்குபவன் முகத்தையும் பார்க்கக் கூடாது, விற்பவன் முகத்தையும் பார்க்கக் கூடாது” என்பது அவர் அடிக்கடி கூறும் சொல். சிறுவன் அதனைப் பலமுறை கேட்டிருக்கிறான். ஆனால் அச்சொல்லின் எடை எவ்வளவு என்பதை அவன் அறிந்துகொண்டது ஒரு சனிக்கிழமை மாலையில்தான்.

அச்சிறுவனுக்குக் கிரிக்கெட்டு ஆட்டத்தில் அளவற்ற ஆசை. ஆயினும் மட்டையை எடுத்தால் இரண்டு பந்துகளுக்கு மேல் நிற்கமாட்டான். பந்து வீசினாலோ அது எங்கே போகும் என்பது அவனுக்கே தெரியாது. எனவே பள்ளிக் குழுவில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கூட்டலில் பிழை விடமாட்டான். இதனைக் கண்ட கணக்காசிரியர், ஆட்டக் கணக்கு எழுதும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தார். மற்றவர்கள் வெயிலில் ஓடி ஆடிப் புகழ் பெறும்போது, தான் மட்டும் வேப்பமர நிழலில் ஏட்டோடு உட்கார்ந்திருப்பது அவனுக்குப் பெருங்குறையாகவே இருந்தது.

அன்று பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஆட்டம் நடைபெற்றது. இரு பள்ளிகளின் சார்பிலும் கணக்கு எழுத ஒவ்வொரு மாணவன் அமர்ந்திருந்தான். பக்கத்து ஊரார் முதலில் ஆடினர். அவர்கள் ஆட்டம் முடிந்ததும், அவர்களுடைய ஏட்டைப் பார்த்து, 85 ஓட்டங்கள் என்று அறிவித்தனர். சிறுவன் தன் ஏட்டைக் கூட்டிப் பார்ப்பதற்குள் உணவுக்கு அழைப்பு வந்துவிட்டது. பிற்பகலில் கொடுமுடிக் குழுவினர் ஆடினர். கடைசி ஆட்டக்காரன் வீழ்ந்தபோது அவர்கள் கணக்கிலும் 85 ஓட்டங்களே இருந்தன. “ஆட்டம் சமன்!” என்ற முழக்கம் எழுந்தது. இரு குழுவினரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர்.

அப்போதுதான் சிறுவன் காலையில் எழுதிய பக்கத்தைக் கூட்டினான். 86 என்று வந்தது. மறுபடியும் கூட்டினான், 86. மேலிருந்து கீழாகக் கூட்டியவன் கீழிருந்து மேலாகக் கூட்டினான், அப்போதும் 86. இரு ஏடுகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டபோது காரணம் விளங்கிற்று. பதினாறாம் ஓவரில் ஒரு பந்து மட்டையிலும் படாமல், ஆட்டக்காரன் உடலிலும் படாமல், காப்பாளர் கையிலும் சிக்காமல் ஓடிற்று. ஆட்டக்காரர்கள் ஓர் ஓட்டம் ஓடினர். நடுவர் கையை உயர்த்தி அது ‘பை’ ஓட்டம் என்று காட்டினார். சிறுவன் தன் ஏட்டில் அதற்குரிய சிறு முக்கோணத்தை வரைந்தான். அந்நேரத்தில் பக்கத்து ஊர் மாணவன் தண்ணீர்ப் பானையை நாடிச் சென்றிருந்தான். அவன் திரும்பியதும் சொல்ல வேண்டும் என்று நினைத்த சிறுவன், அடுத்த பந்திலேயே ஒரு விக்கெட்டு வீழ்ந்த ஆரவாரத்தில் அதனை மறந்துபோனான்.

உண்மை இதுதான்: பக்கத்து ஊரார் எடுத்தவை 86 ஓட்டங்கள். கொடுமுடி ஓர் ஓட்டத்தில் தோற்றிருந்தது. இதனை அறிந்தவன் உலகில் ஒருவனே.

அவன் முகம் வாடியதைக் கண்ட குழுத்தலைவன் அருகில் வந்து ஏட்டைப் பார்த்தான். ஒரு நொடியில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “அடே, ஒரு சிறு முக்கோணம்தானே! அழிப்பான் உன் கையில்தானே இருக்கிறது? வென்றோம் என்றா சொல்லப் போகிறோம்? சமன் என்பதில் யாருக்கு என்ன குறை?” என்று தாழ்ந்த குரலில் கேட்டான். சிறுவன் விடை கூறவில்லை. களத்தில் தன் தோழர்கள் துள்ளிக் குதிப்பதைப் பார்த்தான். பிறகு எழுந்து, கால்கள் நடுங்க நடுங்க, நடுவரிடம் சென்று ஏட்டை நீட்டினான். பக்கத்து ஊரார் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அன்று மாலை அவனோடு வீடு திரும்ப ஒருவரும் இல்லை.

திங்கட்கிழமை கணக்கு வகுப்பு. குழுத்தலைவனும் அவன் தோழர்களும் சிறுவனுக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்தனர். ஆசிரியர் யாவற்றையும் கேள்வியுற்றிருந்தார். ஆயினும் சிறுவனைப் பாராட்டவும் இல்லை. மற்றவர்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை. கரும்பலகையில் மூன்று எண்களை மட்டும் எழுதினார்: 48, 130, 59. “இவை யாவை?” என்று கேட்டார். எவருக்கும் தெரியவில்லை. அவர் கதையைத் தொடங்கினார்.

இந்தியக் கிரிக்கெட்டு வாரியம் 1928ஆம் ஆண்டில் தோன்றியது. மாகாணங்களுக்கும் சமத்தானங்களுக்கும் இடையே ஒரு போட்டி நடத்த வேண்டும் என்று 1934ஆம் ஆண்டில் அவ்வாரியம் முடிவு செய்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் நவாநகர் மன்னர் இரஞ்சித்சிங்கர் காலமானார். 1896ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்துக் குழுவில் இடம் பெற்று, டெஸ்ட் ஆட்டம் ஆடிய முதல் இந்தியர் என்னும் புகழ் பெற்றவர் அவர். அவர் நினைவாகப் பாட்டியாலா மன்னர் ஒரு கோப்பையை வழங்கினார். அதுவே இரஞ்சிக் கோப்பை.

அப்போட்டியின் முதல் ஆட்டம் 1934ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் தொடங்கிற்று. ஆடியவை சென்னைக் குழுவும் மைசூர்க் குழுவும். சென்னையின் எம். ஜே. கோபாலன் முதற்பந்தை வீச, மைசூரின் கர்ட்டிஸ் அதனை எதிர்கொண்டார். மைசூர்க் குழுவினர் முதல் முறை ஆடி 48 ஓட்டங்களுக்கு வீழ்ந்தனர். சென்னைக் குழுவினர் 130 ஓட்டங்கள் எடுத்தனர். மைசூரார் மீண்டும் ஆடி 59 ஓட்டங்களுக்கு வீழ்ந்தனர். பல நாள் நடைபெற வேண்டிய ஆட்டம், தொடங்கிய அன்றே, கதிரவன் மறையுமுன் முடிந்துவிட்டது.

“மைசூரார் இருமுறை ஆடி எடுத்த ஓட்டங்கள் எத்தனை?” என்று ஆசிரியர் கேட்டார். “107, ஐயா” என்றனர் மாணவர். “சென்னையார் ஒருமுறை ஆடி எடுத்தவை 130. எஞ்சுவது?” “23.” “ஆகவேதான் சென்னை ஓர் இன்னிங்சும் 23 ஓட்டங்களும் கூடுதலாகப் பெற்று வென்றது என்று எழுதுகின்றனர்” என்று அவர் விளக்கினார்.

வெற்றிக்குப் பெருந்துணையாய் நின்றவர் ஏ. ஜி. இராம்சிங். அமிர்தசரசில் பிறந்து சென்னையையே தம் ஊராக்கிக்கொண்டவர்; இடக்கையால் சுழற்பந்து வீசுபவர். அவர் முதல் இன்னிங்சில் 19 ஓட்டங்கள் கொடுத்து 6 விக்கெட்டுகளையும், இரண்டாவது இன்னிங்சில் 16 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். மொத்தம் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகள். ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்த விலை மூன்று ஓட்டங்களைச் சிறிதே கடந்தது. மைசூர் இழந்த 20 விக்கெட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை அந்த ஒரு மனிதர் கையால் வீழ்ந்தவை.

ஆட்டத்தை எண்களாக எழுதிவைக்கும் இக்கலை உலகெங்கும் பரவியது. அமெரிக்க நாட்டினர் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் பெருவிருப்பம் உடையவர்கள். அந்த ஆட்டத்தின் கணக்கை ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கிச் செய்தித்தாளில் வெளியிடும் முறையை வளர்த்தவர் ஹென்றி சாட்விக். அவர் பிறந்தது இங்கிலாந்தில், 1824ஆம் ஆண்டில். இளமையிலேயே அமெரிக்கா சென்று செய்தியாளர் ஆனார். கிரிக்கெட்டு ஆட்டக் கணக்கை நன்கு அறிந்திருந்த அவர், அந்த அறிவைப் புதிய ஆட்டத்துக்குப் பயன்படுத்தினார். அதனால் 1905ஆம் ஆண்டில் நியூயார்க்குக் குழுவும் பிலடெல்பியாக் குழுவும் மோதிய உலகத் தொடரில், மேத்யூசன் என்னும் பந்து வீச்சாளர் மூன்று ஆட்டங்களில், இருபத்தேழு இன்னிங்சுகளில், எதிர்க்குழுவை ஓர் ஓட்டமும் எடுக்கவிடவில்லை என்பதை இன்றும் நாம் அறிகின்றோம். அந்த ஆட்டங்களை நேரில் கண்டவர் ஒருவரும் இன்றில்லை; எழுதிய சுழிகள் மட்டும் இருக்கின்றன.

இவ்வளவும் கூறிய பின்னர் ஆசிரியர் சனிக்கிழமை ஆட்டத்தின் இரு ஏடுகளையும் மேசைமேல் வைத்தார். பக்கத்து ஊர் ஏட்டை அவர் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

“ஆட்டக் கணக்கு இருபுறமும் பொருந்த வேண்டும். மட்டை பிடித்தவர்கள் எடுத்த ஓட்டங்களோடு உதிரி ஓட்டங்களைக் கூட்டினால் குழுவின் மொத்தம் வரும். பந்து வீசியவர்கள் கொடுத்த ஓட்டங்களோடு, அவர்கள் கணக்கில் சேராத உதிரிகளைக் கூட்டினாலும் அதே மொத்தம் வர வேண்டும். வணிகர் வரவையும் செலவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது போன்றது இது. அவர்கள் ஏட்டைக் கூட்டிப் பாருங்கள்” என்றார்.

மாணவர் கூட்டினர். இருபுறமும் 85 என்றே வந்தது. குழுத்தலைவன் முகத்தில் ஒளி தோன்றிற்று. “ஐயா, அவர்கள் கணக்கும் சரியாகத்தானே பொருந்துகிறது?” என்றான்.

“பொருந்துகிறது, தம்பி. பிழைபட்ட கணக்கும் சில வேளைகளில் பொருந்தும். இப்போது பதினாறாம் ஓவரைப் பார்” என்றார் ஆசிரியர். குழுத்தலைவன் குனிந்து பார்த்தான். ஓர் ஓவருக்கு ஆறு பந்துகள். அந்தக் கட்டத்தில் ஐந்து குறிகளே இருந்தன. ஆறாவது குறி இருக்க வேண்டிய இடம் வெறுமையாய்க் கிடந்தது. வகுப்பில் எவரும் பேசவில்லை.

சிறுவன் மெல்ல எழுந்தான். “ஐயா, அப்படியானால் நான் சொல்லாமல் இருந்திருந்தாலும் உண்மை வெளிப்பட்டிருக்குமா?” என்று கேட்டான்.

ஆசிரியர் சற்று நேரம் சிந்தித்தார். “இல்லை, தம்பி. யார் பார்க்கப் போகிறார்கள்? அந்த வெற்றிடம் அப்படியே கிடந்திருக்கும். உன் முக்கோணத்தை நீ அழித்திருந்தால் அழித்த தடம் ஒன்றும் மிஞ்சியிருக்கும். அந்த இரண்டையும் அறிந்தவன் நீ ஒருவனாகவே இருந்திருப்பாய்” என்றார்.

குழுத்தலைவன் அதனோடு விட்டுவிடவில்லை. அவனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. “ஐயா, நாங்கள் எவ்வளவு பாடுபட்டு ஆடினோம்! கடைசி இருவரும் எவ்வளவு நேரம் நின்று போராடினர்! ஓர் எண் அதையெல்லாம் மறைத்துவிடுகிறதே! தோல்வி என்னும் ஒரு சொல்தானே ஏட்டில் நிற்கப் போகிறது?” என்றான். அவன் குரல் தழுதழுத்தது.

“நீ கூறுவதும் உண்மையே” என்றார் ஆசிரியர். “எண்கள் பொய் கூறுவதில்லை, ஆனால் எல்லாவற்றையும் கூறிவிடுவதும் இல்லை. அன்று 11 விக்கெட்டுகள் வீழ்த்திய இராம்சிங் அதிகார முறையான டெஸ்ட் ஆட்டம் ஒன்றேனும் ஆடியதில்லை. டெஸ்ட் ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஆனால் அவர் மக்கள் கிருபால் சிங், மில்கா சிங் இருவர் பெயரும் அதில் உண்டு. கிருபால் சிங் 1955ஆம் ஆண்டில் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே நியூசிலாந்துக்கு எதிராக நூறு ஓட்டங்கள் எடுத்தார். தந்தை கற்றுக்கொடுத்தது எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது?

“முதற்பந்தை வீசிய கோபாலன் கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவின் சார்பில் ஆடியவர். 1935ஆம் ஆண்டில் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற ஹாக்கிக் குழுவில் அவர் இருந்தார். மறு ஆண்டில் பெர்லினில் ஒலிம்பிக்குப் போட்டி. அதே வேளையில் கிரிக்கெட்டுக் குழு இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கிக் குழு தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. கோபாலனுக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் வாய்ப்புக் கிட்டவில்லை. 1934ஆம் ஆண்டு சனவரியில் கல்கத்தாவில் ஆடிய ஒன்றே அவர் ஆடிய டெஸ்ட் ஆட்டம். ஏடு ‘ஆட்டம் 1’ என்று மட்டும் சொல்லும். அவர் இழந்ததை அது சொல்லாது.

“அதே இங்கிலாந்துப் பயணத்தில் நம் சென்னை சி. இராமசாமி தம் நாற்பதாம் வயதில் முதல் டெஸ்ட் ஆட்டம் ஆடினார். அதற்கு முன்பே டென்னிசில் டேவிஸ் கோப்பைக்காக ஆடியவர் அவர். இரண்டு டெஸ்டுகளில் நான்கு இன்னிங்சுகள். எடுத்த ஓட்டங்கள் 40, 60, 29, 41. மொத்தம் 170. கடைசி இன்னிங்சில் அவர் ஆட்டமிழக்கவில்லை. எனவே 170ஐ நான்கால் வகுக்காமல் மூன்றால் வகுக்க வேண்டும். சராசரி 56.66. பெருமை வாய்ந்த எண் அன்றோ? ஆனால் இருபத்தைந்து வயதில் அந்த வாய்ப்புக் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை எந்த வகுத்தலும் சொல்லாது.

“ஆகையால், எண்கள் சொல்லாததை நாம் பேசலாம், கதையாகச் சொல்லலாம், நெஞ்சில் வைத்துப் போற்றலாம். நம் கடைசி இருவரும் போராடியதை இவ்வூர் மறக்காது. ஆனால் எண்ணை மாற்றலாகாது. 48, 130, 59 என்பவற்றில் ஒன்றை அன்றே ஒருவர் தம் குழுவின் மேல் கொண்ட அன்பினால் மாற்றியிருந்தால், இன்று நான் உங்களுக்குச் சொன்ன கதை முழுவதும் ஐயத்துக்கு உரியதாகியிருக்கும். இராம்சிங்கின் 11 விக்கெட்டுகளையும் நாம் நம்பியிருக்கமாட்டோம். ஓர் எண் பொய்யானால் பக்கத்தில் உள்ள எண்கள் யாவும் தலைகுனிகின்றன.”

அவர் மேலும் ஒன்று சொன்னார்: “சேப்பாக்கத்தில் பந்து வீசியவர் பெயர் தெரியும், எதிர்கொண்டவர் பெயர் தெரியும். ஓரமாக அமர்ந்து அந்த எண்களை எழுதியவர் பெயரை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. அவர் கையை நம்பித்தான் இத்தனை ஆண்டுகளாக அந்த ஆட்டத்தைப் பற்றி நாம் பேசுகிறோம்.”

மணி அடித்தது. மாணவர் கலைந்து சென்றனர். சிறுவன் ஏட்டை எடுத்துத் தூசி தட்டி அலமாரியில் வைத்தான். காலையில் பென்சிலால் எழுதியிருந்த 86 என்னும் எண்ணின்மேல் ஆசிரியர் மையால் எழுதியிருப்பதை அவன் கண்டான்.

அன்றிரவு நடந்தது அனைத்தையும் தந்தையிடம் கூறினான். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தராசின் அருகில் உட்காருபவனுக்கு உறவு குறையும், கண்ணு, உறக்கம் குறையாது” என்றார்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த ஆட்டத்துக்கான பட்டியல் எழுதப்பட்டது. பதினொரு பெயர்களையும் எழுதி முடித்த குழுத்தலைவன், தாளின் அடியில் கணக்கு எழுதுபவன் பெயருக்குரிய இடத்தில் எழுதுகோலை நிறுத்தினான். “யாரை எழுதுவது?” என்று தோழர் ஒருவர் கேட்டார். அவன் சிறுவன் இருந்த திசையைப் பார்க்கவில்லை. “அவனையே எழுதுவோம், நாம் வெல்லும்போது அதை மற்றவர்கள் நம்ப வேண்டும் அல்லவா?” என்றான்.

அந்த ஆட்டத்தில் கொடுமுடி வென்றது. எத்தனை ஓட்டங்களில் என்று பக்கத்து ஊரார் தங்கள் ஏட்டைத் திறந்து பார்க்கவில்லை. நேரே வேப்பமர நிழலுக்கு வந்து சிறுவனைத்தான் கேட்டார்கள்.